டைப்ரைட்டிங் சர்டிபிகேட்

பட்டணத்தில் உத்தியோகம் பார்த்த வெங்கடராகவன், சனிக்கிழமை செங்கல்பட்டுக்கு வந்ததும் மனைவி செங்கமலத்திடம் பயிற்சி வகுப்புகளில் சேர நாலு விண்ணப்பங்களை நீட்டினான். மயிலாப்பூர், மாம்பலம் என்று ஒரு வாரம் அலைந்து விசாரித்து வாங்கியவை.

“உனக்கு டைப்ரைட்டிங்தான் சரி. சீக்கிரம் வேலை கிடைக்கும்.”

“உங்களோடயே தங்கிண்டு படிக்கறேனே?”

“அது ஆம்பிளைகள் இருக்கற இடம். ரயிலுக்கு சீசன் டிக்கெட் வாங்கித் தரேன்.”

“கொடுத்து வெச்சவடி நீ. எங்காத்துக்காரர் பேப்பரைக்கூடத் தொட விடமாட்டார்” என்றாள் பக்கத்தாத்துப் பர்வதம்.

எட்டு மாதம் ரயிலில் போய்வந்து செங்கமலம் முதல் வகுப்பில் தேறினாள். கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று சர்டிபிகேட்டை அவனே வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. தன் கட்சிக்காரர் இனி அவளோடு வாழ்வதற்கில்லை என்றும், அவள் சம்பாதிக்கத் தகுதி உள்ளவளாதலால் ஜீவனாம்சம் கேட்க இடமில்லை என்றும் எழுதியிருந்தார் வக்கீல். அத்தாட்சியாக அவளுடைய சர்டிபிகேட்டின் நகல் பின்னால் குத்தியிருந்தது.

“ஆத்துக்காரர் கடுதாசியா?” என்று எட்டிப் பார்த்தாள் பர்வதம்.

“ஆமாம் மாமி. நான் தனியாப் பொழைச்சுப்பேனாம். என்னைவிட அவருக்குத்தான் நம்பிக்கை ஜாஸ்தி.”