முதல் ஹார்ட்

"சொன்னா கேளு நர்மதா. அந்த மைனா உங்க நைனா இல்ல."

வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எட்வர்ட் கிளம்பாமல் நின்றான். நர்மதாவோ குழந்தை ஜெசிக்குப் புது கவுன் மாட்டி, பவுடர் போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து அவள் பிறந்த ஊர், புதுவாயல் பக்கத்து ஆரணி, ஒன்றும் தூரமில்லை. ஆனால் எட்வர்டைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. "சர்ச்சுல தாலி கட்டிக்கினு இந்த ஊட்டு வாசப்படி ஏறாத" என்று அப்பா குப்புராஜ் சொன்னது சொன்னதுதான்.

"நைனா இல்லன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

எட்வர்ட் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு கோபம் வந்தவன்போலப் பேசினான்.

"இந்த 'கூடு' ஆப்புல பாதி அக்கவுன்ட் டூப்பு. எங்க கம்பெனில ஒருத்தன், பொண்ணுன்னு நெனச்சு மாசக்கணக்கா பேசிக்கினு இருந்தான். கடசில பாத்தா அது பக்கத்து மிஷின்ல நிக்கிற தேசப்பன்! கொழந்த போட்டோவ எவன் எவனோ பாக்கறான். பேஜாரு. பேசாம அத எடுத்துடு."

"போன்ல போட்டுக் குடுத்ததே நீதான? ஜெசி பொறந்தப்போ எனக்கு ரத்தம் கெடச்சது இதுல கேட்டுத்தான். நான் தைக்கிற ஜாக்கெட்டுக்கு ஆளு வர்றதும் இதுலதான். இப்ப மட்டும் கெட்டதாயிடுச்சா?"

நர்மதாவின் குரல் தணிந்தது.

"மொதல்ல நான் போட்டோ போட்டப்போ எங்க ஊர்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கலபா. எப்பிடி அழுதேன்னு உனக்கே தெரியும். அப்பறந்தான் மைனான்னு அந்த அக்கவுன்ட் வந்துச்சு. ஒரு வார்த்த எழுதாது. ஆனா விடிகாலைல மொத ஹார்ட் அதோடதுதான். ஊரு ஆரணின்னு போட்டிருக்கு. அந்நேரத்துக்கு மாடு கறக்க எழுந்துக்கறது யாரு? நைனாதான?"

"அப்ப, யாருன்னு அதுங்கிட்டயே கேட்டுப் பாக்கறது."

"கேக்க மாட்டேன். கண்டுபுடிச்சிட்டேன்னு தெரிஞ்சா, வெக்கப்பட்டுக்கினு அப்பிடியே போயிடும் எங்க நைனா."

எட்வர்ட் பெருமூச்சு விட்டு வண்டியைக் கிளப்பினான்.

புதுவாயலில் திரும்ப வேண்டிய இடத்தில் ஓரமாக நிறுத்தினான்.

"திரும்பிடலாமா? அவரு மூஞ்சில அடிச்ச மாரி எதனா சொல்லிட்டா நீ ஒடஞ்சி போயிடுவ. அத என்னால பாக்க முடியாது நர்மதா."

இவனுக்கு மாமனார் என்றால் இவ்வளவு பயமா என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. "நீ போபா" என்று முதுகில் தட்டினாள்.

குப்புராஜ் கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். ஆள் மெலிந்திருந்தார். மகளைப் பார்த்ததும் கலக்கிய கை அப்படியே நின்றது.

"நைனா..." என்றாள்.

அவர் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். நேரே குழந்தையிடம் வந்து குனிந்தார்.

"இன்னா ஜெசிக்குட்டி, ஊசி போட்டப்போ அப்பிடி அழுதுட்டியாமே?"

போன வாரம் நர்மதா போட்ட படம் அது. அவள் விசும்பலோடு திரும்பி, 'பார்த்தாயா?' என்பதுபோல எட்வர்டைப் பார்த்தாள். அவன் பேயறைந்தவனாக நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு எல்லாரும் வெளியவே நிக்கறீங்க? நீயும் உள்ள வாப்பா" என்றார் குப்புராஜ், அவன் முகத்தைப் பார்க்காமல்.

எட்வர்ட் செருப்பைக் கழற்றிக் கூச்சத்தோடு உள்ளே வந்தான். குழந்தை தாத்தாவின் துண்டைப் பிடித்து இழுத்தது. அவர் தூக்கிக்கொண்டார்.

"நைனா, காலைல உன் ஹார்ட்டப் பாத்தாத்தான் எனக்குப் பொழுதே விடியும்" என்றாள் நர்மதா, கண்ணைத் துடைத்தபடி.

"ஹார்ட்டா? எனக்கு இன்னாமா தெரியும் அதெல்லாம்? எதிர் ஊட்டு ஈஸ்வரி போன்ல போட்டுக் குடுத்தா. தொறந்து உங்களப் பாப்பேன், மூடி வச்சிடுவேன். அவ்ளோதான்."

"அப்ப மைனா..."

"அதான், நானே உன்ன கேக்கணும்னு இருந்தேன். பால் கறந்துட்டு வந்து தொறந்தா, தெனமும் எனக்கு முன்னாடி எவனோ மைனான்னு ஒருத்தன் வந்துடறான். ஆரணின்னு வேற போட்டுக்கினு இருக்கான். ஊரு பூரா விசாரிச்சிட்டேன், அப்பிடி இங்க யாருமே இல்ல. யாருமா அவன்?"

நர்மதா திகைத்துப் போனாள். சட்டென்று போனை எடுத்தாள். இத்தனை நாள் எழுதப் பயந்திருந்த அந்தக் கணக்குக்கு முதல் முறையாக எழுதினாள்: 'நீங்க யாரு?'

அனுப்பிய மறு நொடி, எட்வர்டின் சட்டைப் பையில் 'டிங்' என்றது.