அணில் கடக்க ஒரு கயிறு

கயிறு அசையவே இல்லை.

கீழே பதினோரு பேர் அண்ணாந்து நின்றார்கள். கழுத்து வலிக்க ஆரம்பித்து அரை மணி நேரமாகிவிட்டது.

ரோட்டின் இந்தப் பக்கத்து மருத மரத்திலிருந்து அந்தப் பக்கத்து மருத மரத்துக்கு, மஞ்சள் நைலான் கயிற்றில் பின்னிய ஏணி ஒன்று படுக்கைவாட்டில் தொங்கியது. மலை அணில்கள் கடப்பதற்காகக் கட்டியது.

நகராட்சி ஆணையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் நிக்கிறேம்மா. அதுக்கு மேல முடியாது."

மாஜிதா தலையாட்டினாள்.

அவள் ராஜபாளையத்தில் ஒரு நூல்மில் சூப்பர்வைசர். மைக்கைப் பிடித்துப் பேசிப் பழக்கமில்லாதவள். மலையடிவாரத்துத் தோப்புகளுக்கு நடுவே போகும் இந்த ரோட்டில் மின்கம்பி இழுக்கக் கிளைகளைக் கழித்ததிலிருந்து, மரம்விட்டு மரம் தாவிக்கொண்டிருந்த அணில்கள் தரையிறங்கி ரோட்டைக் கடக்கத் தொடங்கியிருந்தன. முழங்கை நீளத்துக்கு உடம்பு, அதே நீளத்துக்கு வால். கிளையில் காற்றாய்ப் பறக்கிற அது, தார் ரோட்டில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி நிற்கும்.

அதைப் பார்த்த பிறகுதான் அவள் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். ரோட்டுக்கு மேலே அணில்கள் கடக்க ஒரு கயிறு கட்ட வேண்டும் என்று கேட்டாள்.

எதிர்த்தவர் ஒரே ஆள். சோலைராஜ். கூமாப்பட்டிப் பக்கமிருந்து வைக்கோல் ஏற்றிவரும் லாரிக்காரர்.

"அணிலுக்குப் பாலம் போடுதிய. சரி. என் லோடு கயித்துல மாட்டுமே, அதுக்கு எவன் பாலம் போடுவான்?"

சபையே சிரித்தது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கயிறு இருந்தால் வைக்கோல் லாரி ஆறு கிலோமீட்டர் சுற்றித்தான் போக வேண்டும்.

கடைசியில் நகராட்சி ஒரு முடிவுக்கு வந்தது. முப்பது நாள் கயிறு இருக்கட்டும். அதற்குள் ஓர் அணிலாவது கடந்ததற்கு ஆதாரம் இருந்தால் அது நிரந்தரம். இல்லையென்றால் அவிழ்த்துவிட வேண்டும்.

இன்று முப்பதாவது நாள்.

தினமும் காலையில் ஷிஃப்டுக்கு முன்னால் மாஜிதாவும் நாலு பேரும் வந்து புதர் மறைவில் உட்கார்ந்தார்கள். கயிற்றைக் கட்டிய மொக்கைச்சாமி, ஓய்வுபெற்ற லைன்மேன், கயிற்று ஏணியின் இரண்டு முனையிலும் மாம்பழத் துண்டு வைத்தார். கிளிகள் தின்றன. மறுபடி வைத்தார். மறுபடியும் கிளிகள்தான். அணில் வரும், கயிற்றை முகர்ந்து பார்க்கும், இவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்க்கும், திரும்பிப் போய்விடும்.

ஆணையர் பெருமூச்சு விட்டார். "நல்ல முயற்சிதான். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பேசினது பேசினபடி நடக்கணும்ல?"

"நடக்கணும் மேடம்" என்றாள் மாஜிதா.

கயிற்றை அவிழ்க்க மொக்கைச்சாமி மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தினார். சற்றுத் தள்ளி சோலைராஜின் லாரி, வைக்கோல் பிதுங்க நின்றுகொண்டிருந்தது. கயிறு இறங்கியதும் முதல் ஆளாகப் போவதற்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தாள். அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

மொக்கைச்சாமி முதல் படியில் கால் வைத்தார்.

"செத்த நேரம் இருங்க."

சோலைராஜ்தான். லாரியிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் நேராக நடந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஆணையரிடம் நீட்டினார்.

"ஒண்ணுகூட வராதுன்னு காட்டத்தான் மேடம், தெனமும் சாயந்திரம் வண்டிய ஓரங்கட்டிட்டு உள்ள உக்காந்து வீடியோ எடுத்தேன்."

"வந்துச்சா?"

அவர் காதைச் சொறிந்துகொண்டார். "இருபத்திரெண்டாம் நாள் ஒண்ணு வந்துச்சு. பொறவு தெனமும் வருது."

மொக்கைச்சாமி ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றார்.

மாஜிதாவுக்குக் கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. இந்த ஆள் இன்னும் பத்து நிமிஷம் சும்மா இருந்திருந்தால் போதும். ரோடு அவருடையது.

"ஏண்ணே, இத முன்னாடியே காட்டிருக்கலாம்ல?"

"காட்ட வேண்டாம்னுதாம்மா இருந்தேன்" என்றார் சோலைராஜ். "அவரு படில கால வைக்கவும் மனசு கேக்கல."

ஆணையர் வீடியோவை ஓடவிட்டார். சுற்றி நின்றவர்களின் தலைகள் அந்தச் சின்னத் திரையின்மேல் குவிந்தன. மஞ்சள் கயிறு. நடுவில் ஒரு மலை அணில், வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. கீழே ஒரு பைக் போகிறது. கயிறு ஆடுகிறது. அணில் உறைந்து நிற்கிறது.

ஆணையர் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமலே மொக்கைச்சாமியைப் பார்த்துக் கையசைத்தார், இறங்கச் சொல்லி. யாரோ விசில் அடித்தார்கள்.

"சத்தம் சரியா கேக்கலையே" என்று ஆணையர் பட்டனைத் தேடினார்.

"சத்தம் வேண்டாம் மேடம். சும்மா படத்த மட்டும் பாருங்க." சோலைராஜ் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

அதற்குள் ஆணையரின் கட்டைவிரல் பட்டனை அழுத்திவிட்டது.

போனிலிருந்து சோலைராஜின் குரல் வந்தது. கூட்டத்தில் யாரும் கேட்டிராத குரல். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்பது போல, அவ்வளவு மெதுவாக.

"ஏட்டி, பயப்படாத. கீழ பாக்காத. அந்தா, இன்னும் நாலு எட்டுதான். மெதுவா வா தாயி... நான் வண்டிய எடுக்க மாட்டேன்."