பில் கேட்பது யார்

விவாகரத்து வாங்கப் போகும் வழியில் அப்பாவும் அம்மாவும் நானும் வழக்கமான சாப்பாட்டுக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம்.

வெறும் வயிற்றோடு கையெழுத்துப் போடக் கூடாது என்று அம்மா என் மூலம் சொல்லி அனுப்பினாள். அப்பா சரி என்றார். பதினொரு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம்.

எங்கள் புவெப்லா நகரத்தில் இதற்குப் பதிவு அலுவலகமே போதும்; அது கடை இருக்கும் அதே தெருக்கோடியில்தான். மூன்று மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். விண்ணப்பம் கொடுத்த பதினைந்து நாளுக்குள் இருவரும் நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து. இன்று பதினைந்தாம் நாள். எங்கள் வீட்டில் எதுவும் பதினான்காம் நாளில் நடந்ததில்லை.

ஒரே மகளான எனக்குப் பதினெட்டு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். சின்னப் பிள்ளை இருந்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமாம். மார்ச்சில் முடிந்தது. இதுதான் பிறந்தநாள் பரிசு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பார்த்ததை நேரம் போட்டு எழுது, கருத்து எழுதாதே என்று மாலை எழுத்து வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். மேலே இருப்பதில் எவ்வளவு கருத்து என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் பார்த்தது மட்டும்.

1.05. டிவிக்குக் கீழே நால்வர் மேஜை. நாலாவது நாற்காலியில் அம்மாவின் கைப்பை. அதற்குள் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணச் சான்றிதழ்.

1.10. நூடுல்ஸ் சூப்.

1.30. அம்மாவுக்குப் பாலாடைக்கட்டி அடைத்த மிளகாய். அப்பாவுக்குப் பன்றிக்கறி. எனக்கு மோலே குழம்பு ஊற்றிய என்சிலாதா ரொட்டிச் சுருள், மூன்று.

அவர்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. என் வழியாகத்தான்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, அந்தப் பச்சை சால்ஸா வேணாம்னு. ராத்திரி வயித்தப் பிடிச்சிக்கிட்டு உருளுவாரு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, இன்னிலேர்ந்து நான் உருள்றது என் சொந்த விஷயம்னு."

இருவருக்கும் நடுவே ஒரு முழம் மேஜை. நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. ஆனாலும் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா சால்ஸாத் துவையல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

1.50. அப்பா தோர்த்தியா ரொட்டியால் தட்டைத் துடைத்து முடித்தார். கழுவவே வேண்டாம். அம்மா முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

1.55. (அல்லது 1.57. அங்கிருக்கும் கடிகாரத்தை நான் முழுதாக நம்பவில்லை.) நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களுக்குப் பரிமாறும் ஃபிதென்சியோ வந்து இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

பில் வரவில்லை. எங்கள் புவெப்லாவில் கேட்காமல் பில் வராது. கேட்காத மேஜையில் பில்லை வைப்பது, எழுந்து வெளியே போ என்று சொல்வது மாதிரி. ஃபிதென்சியோ தன் மைத்துனனிடம்கூட அப்படி நடந்துகொள்ள மாட்டார்.

ஆகவே யாராவது கையைத் தூக்கி, காற்றில் எழுதிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தை முடித்து வைத்த கை அதுவாகிவிடும். அதனால் நாலு கைகளுக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. அப்பா காகிதக் கைக்குட்டையை மடித்துக் கப்பல் செய்தார். அம்மா மேஜையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைக் கூட்டிக் குவித்தாள். பிறகு கலைத்துவிட்டு மறுபடி குவித்தாள்.

2.10. இரண்டு காபி. யாரும் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

2.20. மருந்துக்கடை அம்மாள் சாப்பிட்டு முடித்து, எல்லா மேஜைக்கும் "நல்லா சாப்பிடுங்க" சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனவள், எங்களிடம் மட்டும் நின்றாள்.

"குடும்பமா உக்காந்து சாப்பிடறதப் பாக்கவே எவ்வளவு நல்லாருக்கு."

"நன்றிங்க" என்றார்கள் அப்பாவும் அம்மாவும், ஒரே குரலில்.

2.30. அப்பா கையைத் தூக்கினார். அம்மாவின் விரல்கள் துணுக்குகளின் மேல் அப்படியே நின்றன.

"இன்னும் நாலு தோர்த்தியா, சூடா" என்றார் அப்பா. அவர் முன்னால் தட்டே இல்லை.

2.40. அம்மா கைப்பையைத் திறந்தாள். அட்டைகளை எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரில் எழுதியிருந்த மெனுவைப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மனப்பாடமான மெனு. நிதானமாகப் படித்தாள். இனிப்புகள் வரை.

கோழைகள். இரண்டு பேருமே கோழைகள். (இது கருத்து. அடித்துவிட வேண்டும்.)

2.50. தோர்த்தியாக் கூடையைக் கொண்டுவந்து வைத்த ஃபிதென்சியோ, குனிந்து என்னிடம் கேட்டார்.

"எடுத்துடட்டுமா கண்ணு?"

என் தட்டில் மூன்றாவது என்சிலாதா, பாதி. மோலேயின் மேல் ஆடை கட்டியிருந்தது. 1.50லிருந்தே அதே பாதி. முள்கரண்டியால் அதை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் பில் கேட்பதில்லை. இதை மட்டும் நேரம் போட்டு எழுத விட்டுப்போயிற்று.

"இன்னும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.

அவர் போய்விட்டார். அப்பா சூடான தோர்த்தியா ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"அவள மெதுவா சாப்பிடச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

என்னிடம் அல்ல. நேராக அப்பாவிடம்.

2.54.