முன்கூட்டியே எடுத்த சிரிப்பு

அந்தப் பெண் பின்பக்கத்திலிருந்து முண்டியடித்துக்கொண்டு வருவதை அவள் பார்த்துவிட்டாள்.

கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. ஒரு தோளில் பை. முகம் வெளுத்துக் கிடந்தது.

பத்தொன்பது வருடமாக டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்க்கிறவளுக்கு அந்த முகம் தெரியும். பின்னால் எவனோ கையை வைத்திருக்கிறான்.

வா, என்று மனதுக்குள் கூப்பிட்டாள். சீக்கிரம் வா.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துவாக்குடி போகிற பஸ். காலை நேரக் கூட்டம், மூச்சு விட இடமில்லை. பெண்களுக்கு இலவசம் என்பதால் பாதிக்கு மேல் பெண்கள்தான். இன்றைக்கு ஏறினவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தார்கள். கைப்பேசியைப் பார்த்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தார்கள்.

எல்லாம் அந்தச் சிரிப்பு செய்த வேலை.

போன மாதம் சென்னையில் ஒரு டிவி நிகழ்ச்சி. அந்தக் காலப் பெண்களா, இந்தக் காலப் பெண்களா, யார் கெட்டிக்காரர்கள் என்று விவாதம். ஐம்பதைத் தொட்டவர்கள் இந்தப் பக்கம், இருபதுகளில் இருப்பவர்கள் அந்தப் பக்கம். எதிரும் புதிருமாக உட்காரவைத்தால்தான் சண்டை சூடு பிடிக்குமாம். லீவு போட்டுவிட்டுப் போனாள். அவள் முகத்தில் அப்பிய மாவில் நாலு தோசை ஊற்றியிருக்கலாம்.

யாரும் பேசத் தொடங்கும் முன்பே கேமரா ஓடியது. கைதட்டுங்க என்றார்கள். தட்டினார்கள். ஆச்சரியப்படுங்க என்றார்கள். பட்டார்கள். நல்லா வாய்விட்டுச் சிரிங்க என்றார்கள்.

பக்கத்தில் இருந்த டீச்சரம்மா, எதுக்குங்க சிரிக்கிறோம் என்று காதோரம் கேட்டார்.

அதில் அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சாயங்கால பஸ்ஸுக்குப் பயந்தே வேலையை விட்டதாகச் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த சிரிப்பு நடிகர் மைக்கை வாங்கினார்.

"எங்க அப்பத்தா பஸ்ஸே ஏறினதில்லம்மா. ஒரு பயலும் இடிச்சதில்ல."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மைக் வரட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. எழுந்தாள். இடிக்கிறவனைத்தான் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட வேண்டும், இடிபடுகிறவளை இல்லை என்றாள். தான் இறக்கிவிட்டவர்கள் எத்தனை பேர், எந்தெந்த நிறுத்தத்தில் என்று விலாவாரியாகச் சொன்னாள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நேற்று சாயங்காலம் ஒளிபரப்பானது.

நடிகர் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னார். அடுத்த நொடி திரை முழுக்க அவள் முகம். வயிறு குலுங்கச் சிரிக்கிறாள்.

அவள் பேசியதில் ஒரு வார்த்தை இல்லை.

ஃபோன் போட்டுக் கேட்டால், நேரம் பத்தலைங்க மேடம் என்றார்கள். டிவியில வந்ததுக்குச் சந்தோஷப்படு என்றார் வீட்டுக்காரர். அவருடைய சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். விடிவதற்குள் அந்தச் சிரிப்பை வெட்டி ஸ்டிக்கராக்கி ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

யாரைப் பிடித்து என்னவென்று சொல்வது? பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருத்தியிடமும், அது வேறு சிரிப்பு தாயே என்றா?

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும்.

கல்லூரிப் பெண் கிட்டே வந்துவிட்டாள்.

இப்போது மணி கேட்பாள். இந்த பஸ்ஸில் அதற்கு அர்த்தமே வேறு. எத்தனையோ வருடம் முன்பு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, நடந்ததைச் சொல்ல வாய் வராமல், மணி என்னக்கா என்று கேட்டது. அதன் கையிலேயே கடிகாரம் இருந்தது. கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையைத் தன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு விறுவிறுவென்று பின்னால் போனாள்.

அதை யாரும் எழுதி ஒட்டவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவர்களே அம்மாக்களாகி மகள்களுக்குச் சொன்னார்கள். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே அவளிடம் வந்து மணி கேட்டார்கள்.

இப்போதும் கண்டக்டர் தன் சீட்டிலிருந்து எழுந்து இடம் விட்டாள்.

பெண் கம்பியைப் பிடித்து நின்றாள். வாயைத் திறந்தாள். அப்போதுதான் கண்டக்டரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அடையாளம் தெரிந்துவிட்டது.

வாய் மூடிக்கொண்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி."

அக்கா இல்லை. ஆன்ட்டி.

காட்டூர் நிறுத்தம் வந்தது. கல்லூரிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. முன்படியில் அந்தப் பெண் இறங்கிவிட்டாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு விசில் கொடுத்தால் பஸ் கிளம்பும். விசில் அவள் வாயில்தான் இருந்தது. பின்னால் நின்ற லாரி ஹாரனை அழுத்தியது.

விசிலை எடுத்துவிட்டாள். படியில் இறங்கினாள். சாலையோரமாக வேகமாகப் போகிற அந்த முதுகைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"மணி எட்டு இருபதும்மா."

முதுகு திரும்பவில்லை.

"எட்டு இருபது!"

பஸ்ஸுக்குள் பெண்கள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் முதலில் எழுந்தார். பிறகு ஒவ்வொருத்தியாகப் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.