வளைவுக்கு அந்தப் பக்கம்

சுவீடன் காட்டுப்பாதையின் வளைவில் சறுக்கிய கார், பனிமேட்டுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது. பின்பாதி பாதையை மறித்துக் கிடந்தது. இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு காராகக் கிளம்பும் சர்வதேசப் பந்தயத்தில், மொத்த நேரக் கணக்கில் அதுவரை முதலிடத்தில் இருந்த கார். வேடிக்கை பார்த்தவர்கள் தள்ளிவிட ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் குன்வோர்.

"தள்ளுங்கப்பா! ரெண்டு நிமிஷத்துல அடுத்த கார் வந்துடும்!"

"கத்தாதீங்கக்கா, அந்த மூச்சைத் தள்ளுறதுக்கு வெச்சுக்கோங்க," என்றான் பக்கத்தில் தோள் கொடுத்த ஸ்டூரே. "மொத்த நேரத்துல நாலே நாலு செகண்டு முன்னால இருந்தான். எல்லாம் போச்சு!"

அந்தக் கணக்கு அவள் காதில் ஏறவில்லை. திரும்பித் திரும்பி வளைவையே பார்த்தாள். அங்கிருந்து வருகிறவனுக்கு இந்தக் கார் தெரியாது. அவள் மனத்துக்குள் மோதல் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

கார் உறுமியது, பனியை வாரி இறைத்தபடி விடுபட்டுப் பறந்தது. எல்லோரும் ஓரம் ஒதுங்குவதற்குள் இரண்டாவது கார் வளைவில் சீறி வந்து, ஒரு கீறலும் இல்லாமல் கடந்து போனது.

குன்வோர் பனியில் உட்கார்ந்து அழுதாள்.

"விடுங்கக்கா," என்றான் ஸ்டூரே. "தோத்தா என்ன? நீங்க அழறதைப் பார்த்தா அவன் உங்க பையன்தான் போல; முழுசா போனானே, அது போதாதா?"

"போதும்பா," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா அவன் தோக்கல. ரெண்டாவதா போனானே, அவன்தான் என் பையன்."