குளவிகள் விசிறும் ஜன்னல்

சலவைக்கூடத்தின் ஒரே ஜன்னலில் குளவிக்கூடு வெயிலில் காய்கிறது. இஸ்திரி போடும் அக்கா நெற்றி வேர்வையை முழங்கையால் வழித்தபடி பார்க்கிறாள். ஒரு குளவி குழாயடியில் தண்ணீர் உறிஞ்சி வந்து, கூட்டில் குஞ்சுப் புழுக்கள் இருக்கும் அறைகளின்மேல் துளித்துளியாக வைக்கிறது. நாலைந்து குளவிகள் விளிம்பில் நின்று இறக்கையால் விசிறுகின்றன. யாரும் ஏவவில்லை, எந்தப் புழுவும் மனுப் போடவில்லை. அவளோ மின்விசிறி கேட்டு மூன்று மாதமாக நடையாய் நடக்கிறாள். மேலாளர் வாசலிலேயே நின்று, “குளவி கொட்டிடப் போகுது, அந்த ஜன்னலைச் சாத்தும்மா” என்கிறார். அவள் இஸ்திரிப்பெட்டியை நங்கென்று நிமிர்த்தி வைக்கிறாள். “அங்க புழுவுக்குக்கூட விசிறி விடுறாங்க சார். நாங்க என்ன அதைவிடக் கேவலமா? நீங்களே வந்து சாத்துங்க. சாத்திட்டு, சாயங்காலம் வரைக்கும் எங்ககூட உள்ளயே இருங்க.” மேலாளரின் கால் வாசற்படியைத் தாண்டுவதாயில்லை.