வாடகை நடை

மே மாதத்தில் லீவு மூன்று நாள் சேர்ந்து வந்ததால், ஏற்காட்டில் வாடகைக்கு நடப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. சென்னையில் ஹால் சோபாவில் ஒரு சாரும், பெட்ரூமில் அவர் மனைவியும் படுத்திருக்க, அவர்களுக்காக மாதேசும் அவன் மனைவி கனகமும் காபித் தோட்டப் பாதையில் நடந்தார்கள். இவர்கள் பார்ப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும். மாதேசின் கை தொடுவதை சாரின் கை உணரும், கனகத்தின் கை தொடுவதை மேடத்தின் கை உணரும்.

கனகம் காலையிலிருந்து கடுகடுவென்றிருந்தாள். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அன்றைக்கென்று பார்த்து இந்த டூட்டியை ஒப்புக்கொண்டிருந்தான் மாதேசு.

“கையக் கோத்துக்கிட்டு நடங்கப்பா,” என்றது காதில் மேடத்தின் குரல்.

கனகம் கையைக் கொடுத்தாள். கூடவே நறுக்கென்று ஒரு கிள்ளு.

“ஆ! ஏண்டி கிள்ளுற?” என்று அலறினார் சார்.

“நானா? நான் பெட்ரூம்ல இருக்கேன்!”

டூட்டியில் வாயைத் திறக்கக் கூடாது. மாதேசு அவள் விரல்களை மெல்ல அழுத்தினான். கனகம் கையை உருவிக்கொள்ளவில்லை.

“அந்தத் தம்பி எவ்வளவு பதவிசா பிடிக்குது பாருங்க. நீங்களும் இருக்கீங்களே!” என்றார் மேடம்.

 காதில் ஹாலிலிருந்து செருப்புச் சத்தம், பிறகு பெட்ரூம் கதவு திறக்கும் சத்தம்.

அந்த லீவில் சார் சொந்தக் காலில் நடந்தது அவ்வளவுதான்.